குனிய முடியாதவருக்கும் கொல்லைத் தோட்டம்

வீட்டுக் காய்கறித் தோட்டம் பற்றிய துண்டுப் பிரசுரம் எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரியான படந்தான் இருக்கும். ஆணோ பெண்ணோ ஒருவர் இடுப்பை வளைத்து மண்ணைக் கொத்திக் கொண்டிருப்பார். அல்லது குடத்தைச் சாய்த்துப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக் கொண்டிருப்பார். படத்தில் தவறு ஒன்றும் இல்லை. ஆயினும், அவரைப் போல் குனியவும், நிமிரவும், குடம் தூக்கவும் முடிந்தவருக்குத்தான் தோட்டம் என்ற எண்ணம் அந்தப் படத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வேண்டிய காய்கறிகளைப் பெறச் சுமார் 5 சென்ட், அதாவது 200 சதுர மீட்டர் நிலம் போதும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் பரிந்துரை. நிலத்தை நன்கு கொத்திப் பண்படுத்த வேண்டும், பாத்தி பிடிக்க வேண்டும், களையெடுக்க வேண்டும், மண் அணைக்க வேண்டும் என்று அந்தப் பரிந்துரை நீண்டுகொண்டு போகும். நிலத்தின் அளவு அதில் உண்டு. விதையின் அளவு உண்டு. உரத்தின் அளவு உண்டு. வேலை செய்யப் போகிறவரின் உடல் அளவு மட்டும் இல்லை. இந்த ஒரு குறையினால் தோட்டத்தின் பயன் மிகவும் தேவைப்படுகிறவர்களே தோட்டத்துக்கு வெளியே நிற்க நேர்கிறது.

வெளியே நிற்பவர்கள் யார்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டளவில் இவர்களில் பெரும்பகுதியினர் வாழ்வது கிராமங்களில்தான். இக்கணக்கில் சேராதவர்களும் பலர் உண்டு. நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டுக் களையெடுத்து மூட்டுத் தேய்ந்த மூதாட்டி எந்தப் பட்டியலிலும் மாற்றுத்திறனாளி அல்லர். ஆனால் அவரால் இப்போது குனிய முடியாது. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர், நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர், முதுகுத்தண்டு அறுவை செய்துகொண்டவர் ஆகியோரும் அப்படியே.

மேலும், கிராமத்தில் உடல் குறை நேர்வது பல வேளைகளில் விவசாயத்தினாலேயே நேர்வதாகும். தென்னை மரத்திலிருந்தும் பனை மரத்திலிருந்தும் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. கதிரடிக்கும் இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர்கள் உண்டு. உழைத்த நிலத்திலேயே உடலை இழந்த ஒருவர், அதன் பிறகு அந்த நிலத்துக்கு அந்நியராகி விடுகிறார். 'நீ சும்மா உட்கார், நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்' என்று வீட்டார் அன்போடுதான் சொல்கிறார்கள். திண்ணையில் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று அவர் உட்கார்ந்து விடுகிறார். விதையின் முளைப்பை உள்ளங்கையில் வைத்தே சொல்லக் கூடிய அனுபவம் அவரோடு திண்ணையில் உட்கார்ந்து விடுகிறது. இழப்பு அவருக்கு மட்டும் அன்று. வீட்டுக்கும் ஊருக்குமே இழப்பு.

ஊட்டக் குறைவும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழங்களாவது உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வருமானம் குறைந்த வீட்டில் சந்தைக் காய் முதலில் வேலைக்குப் போகிறவர் தட்டுக்கும், பள்ளிக்குப் போகிற பிள்ளை தட்டுக்கும் போகும். வீட்டில் இருப்பவருக்குக் குழம்பும் சோறும் மிஞ்சும். நடமாட்டம் குறைந்தவருக்கு மலச்சிக்கலைத் தவிர்க்க நார்ச்சத்தும், புண் ஆறப் புரதமும் உயிர்ச்சத்துகளும் மற்றவரைக் காட்டிலும் அதிகமாகவே தேவை. அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கீரைப் பாத்தி இருக்குமானால் இந்த நிலை ஓரளவேனும் மாறும்.

வேலூரில் கிடைத்த பாடம்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அத்துடன் அவருடைய மருத்துவப் பணி முடிந்தது என்று யாரும் நினைத்திருக்கலாம். ஆனால் தொழுநோயினால் விரல் மடங்கிப் போனவர்களின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தை அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செய்தார். கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். அதற்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை. 1966ஆம் ஆண்டு அங்கு மறுவாழ்வு நிலையம் உருவாகவும் அவர் காரணமாக இருந்தார்.

தோட்டக் கலைக்கு இதில் பாடம் இருக்கிறது. அறுவை மேசை மருத்துவருக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் போதும் என்றால், கத்தரிச் செடியும் கீரையும் தோட்டக்காரருக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் ஏன் போதாது? மண் தரையில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் செடியும் கேட்பதில்லை. வேர் ஓட இடம், ஈரம், வடிகால், வெயில் இந்த நான்கும் கிடைத்தால் செடிக்குப் போதும். எனவே ஆளை மண்ணுக்கு வளைப்பதை விட்டு, மண்ணை ஆளுக்கு உயர்த்துவதே முறை.

முதலில் அளக்க வேண்டியது ஆளை

ஆனால் 'மண்ணை உயர்த்து' என்றவுடன் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் மேடை கட்டிவிடுவதும் பழைய தவற்றின் மறுபக்கமே. அளவு நாடாவை முதலில் ஆளின் மேல் வைக்க வேண்டும்; பிறகுதான் நிலத்தின் மேல். பொதுவாக மூன்று வகையினரைக் கருத்தில் கொள்ளலாம்.

முதல் வகையினர் தரையில் அமர்ந்து நகர்பவர்கள். இளம்பிள்ளை வாதத்தினால் கால் சூம்பியவர்களில் பலர் வீட்டுக்குள்ளும் கொல்லையிலும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவதில்லை. தரையில் கையூன்றியே நகர்கிறார்கள். நிற்க முடியாவிட்டாலும் தரையில் அமர்ந்து வேலை செய்யப் பழகிய பாட்டிமார்களும் உண்டு. இவர்களுக்கு உயரமான மேடை இடையூறே. 30 செ.மீ., அதாவது 1 அடி உயரம் போதும்.

இரண்டாம் வகையினர் சக்கர நாற்காலியிலோ, முக்காலியிலோ அமர்ந்து வேலை செய்பவர்கள். இவர்களுக்குப் பாத்தியின் விளிம்பு சுமார் 60 செ.மீ. (2 அடி) உயரத்தில் இருத்தல் நலம்.

மூன்றாம் வகையினர் நிற்கவும் நடக்கவும் முடியும், ஆனால் குனிய முடியாதவர்கள். மூட்டு வலியும் முதுகு வலியும் உள்ளவர்கள் இதில் அடங்குவர். இவர்களுக்கு 75 முதல் 90 செ.மீ. வரை உயரம் தேவை. பற்றிக் கொள்ள ஒரு மூங்கில் கைப்பிடியும், இடையில் அமர ஒரு நாற்காலியும் அருகில் இருக்க வேண்டும்.

அடுத்து கை எட்டும் தூரம். அமர்ந்தபடி ஒருவர் சிரமமின்றி எட்டிச் செய்யக் கூடியது ஏறக்குறைய 60 செ.மீ. வரைதான். ஆகவே ஒரு பக்கம் மட்டும் அணுகக் கூடிய பாத்தியின் அகலம் 2 அடிக்கு மேல் வேண்டாம். இரு பக்கமும் போய் வர முடியுமானால் 4 அடி இருக்கலாம். ஒரு கை செயலற்றவருக்கு இதையும் குறைத்துக் கொள்ள வேண்டும். அவரை உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, விரல் நுனி எட்டும் இடத்தில் ஒரு கோடு போட்டால் அதுவே அவருடைய பாத்தியின் எல்லை.

சிமெண்ட் உறையே சிறந்த பாத்தி

உயரமான பாத்தி என்றால் கொத்தனாரும் செங்கல்லும் தேவை என்று அஞ்ச வேண்டியதில்லை. கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் இறக்கும் சிமெண்ட் உறை கிராமப்புறங்களில் எளிதில் கிடைக்கிறது. 3 அடி விட்டமும் 1 அடி உயரமும் உள்ள உறை இதற்கு மிகப் பொருத்தமானது. தரையில் நகர்பவருக்கு ஓர் உறை, நாற்காலியில் அமர்பவருக்கு ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு, நிற்பவருக்கு மூன்று. அளவு பிசகாமல் அமைந்துவிடுகிறது. பிற்காலத்தில் உடல்நிலை மாறினால் ஓர் உறையை எடுக்கவோ, கூட்டவோ செய்யலாம். செங்கல் மேடையில் அது இயலாது.

உறைகளை உருட்டிக் கொணர்ந்து அடுக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். வீட்டாரும் அண்டை அயலாரும் ஒரு நாள் செய்து கொடுக்க வேண்டிய உதவி இதுதான். அடியில் தளம் போடக் கூடாது. மண் தரை மீதே வைத்தால் மிகை நீர் தானே வடியும். இரண்டு மூன்று உறை அடுக்கும்போது கீழ்ப்பகுதியில் தேங்காய் மட்டை, செங்கல் துண்டு, காய்ந்த இலைதழை ஆகியவற்றை நிரப்பி, மேல் 1 அடிக்கு மட்டும் மண் கலவை இட்டால் போதும். செம்மண், மக்கிய தொழு உரம், மக்கிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலக்கலாம். மேல் 1 அடிக்குச் சுமார் 190 லிட்டர் கலவை பிடிக்கும். 15 லிட்டர் கொள்ளும் கூடையால் 12, 13 கூடை ஆகும். மக்காத நார்க்கழிவை அப்படியே இடக் கூடாது. சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்க வைத்த கழிவே பயிருக்கு ஏற்றது. மட்டை மக்க மக்கப் பாத்தி உள்வாங்கும். ஆண்டுக்கு ஒருமுறை மேலே கலவை சேர்த்துக் கொண்டால், மண்வெட்டி பிடித்துக் கொத்தும் வேலையே இந்தத் தோட்டத்தில் இல்லை.

உறை கிடைக்காத இடத்தில் பழைய கழுநீர்த் தொட்டி, மாட்டுத் தீவனத் தொட்டி, குறுக்கே அறுத்த பிளாஸ்டிக் பீப்பாய் ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். அடியில் துளையிட மறக்கக் கூடாது.

சக்கர நாற்காலியில் அமர்பவர் உறைக்குப் பக்கவாட்டில் அணைத்து நின்று, இடுப்பைத் திருப்பித்தான் வேலை செய்ய வேண்டும். முதுகு திருப்ப இயலாதவருக்கு, முழங்கால் உள்ளே நுழையும் மேசைப் பாத்தி நல்லது. முழங்காலுக்கு 65 முதல் 70 செ.மீ. வரை இடம் விட வேண்டியிருப்பதால், மண்ணின் ஆழம் கூடினால் விளிம்பு மார்பு உயரத்துக்கு வந்துவிடும். ஆகவே 15 செ.மீ. ஆழத்துடன் நிறுத்திக் கொண்டு, கீரை, கொத்தமல்லி, வெந்தயக் கீரை போன்ற மேல்வேர்ப் பயிர்களை மட்டும் அதில் விதைக்க வேண்டும். ஆழ வேர் விடும் கத்தரியும் மிளகாயும் உறைக்கே உரியவை.

பாதையும் பாத்தியின் ஒரு பகுதியே. 3 அடி அகலத்துக்குக் குறையாமல், மழையிலும் சக்கரம் புதையாதவாறு கற்பலகை பதித்தோ சிமெண்ட் பூசியோ அமைக்க வேண்டும். நாற்காலி திரும்பும் இடத்தில் 5 அடி விட்டத்துக்கு வெட்டவெளி தேவை. பின்கட்டு வாசற்படி 1 அடி உயரம் என்றால், சாய்தளம் 12 அடி நீளம் இருக்க வேண்டும். 3 அடியில் செங்குத்தாகப் போட்ட பலகையில் நாற்காலி கவிழும்.

எந்தப் பயிரை எங்கே வைப்பது?

உயரமான பாத்தியில் குட்டைப் பயிர், தாழ்ந்த தொட்டியில் உயரமான பயிர் என்பதை விதியாகக் கொள்ள வேண்டும். இரண்டு அடி உறையின் மேல் நான்கு அடி வெண்டைச் செடி வளர்ந்தால், அமர்ந்திருப்பவருக்குக் காய் எட்டாது. வெண்டையைத் தரையில் பையிலோ தொட்டியிலோ வைத்தால் காய் கைக்கு நேராக வரும். உறையில் கீரை வகைகள், கத்தரி, மிளகாய், குத்து அவரை, முள்ளங்கி ஆகியவற்றைப் பயிரிடலாம்.

அடிக்கடி விதைக்க வேண்டாத பயிர்கள் வலுக் குறைந்தவருக்கு ஏற்றவை. முளைக்கீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கினால் மீண்டும் விதைக்க வேண்டும். அரைக்கீரையோ கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணியும் புதினாவும் தண்டை நட்டாலே பற்றிக் கொண்டு பல மாதம் பயன் தரும். மணத்தக்காளியும் அவ்வாறே பலமுறை கிள்ளக் கொடுக்கும்.

முருங்கையை மரமாக வளர்த்து ஏறிப் பறிக்க வேண்டியதில்லை. பெரியகுளத்திலிருந்து வெளியான பி.கே.எம். 1 செடி முருங்கையை 75 செ.மீ. உயரத்தில் நுனி கிள்ளிப் பக்கக் கிளைகள் வரவிடலாம். ஓராண்டுக்குப் பின் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். கீரைக்காக மட்டும் வளர்ப்பவர் அதை எப்போதும் தம் கைக்கெட்டும் அளவில் கவாத்துச் செய்து வரலாம். கறிவேப்பிலைக்கும் இதுவே முறை.

பாகல், பீர்க்கு போன்ற கொடிகளுக்கு வழக்கமாகப் போடும் 6 அடிப் பந்தல் அமர்ந்திருப்பவருக்கு வானமே. பந்தலை 5 அடிக்குள் இறக்கலாம். அல்லது பந்தலே போடாமல் 4 அடி உயர வலையை நிறுத்திக் கொடியைப் படர விட்டு, நுனி மேலே போனவுடன் கிள்ளி விடலாம். மகசூல் சற்றுக் குறையும். எட்டாத உயரத்தில் முற்றிப் போகும் காயை விட எட்டும் உயரத்தில் இருக்கும் நான்கு காய் மேல்.

விளைச்சலைப் பற்றி மிகைப்படுத்தவும் கூடாது. 3 அடி உறையின் மேற்பரப்பு 0.64 சதுர மீட்டர். நான்கு உறைகளும் சேர்ந்து இரண்டரைச் சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 10 டன் கீரை என்ற கணக்கில் பார்த்தால், ஒரு பருவத்துக்கு நான்கு உறைகளிலும் இரண்டரைக் கிலோ. இது 25 நாளுக்குத் தினம் 100 கிராம் ஆகிறது. குடும்பத்தின் காய்கறித் தேவை முழுவதும் இதில் நிறைவேறாது. ஆனால் ஒருவருடைய தட்டில் தினமும் ஒரு கீரை விழும். அந்தக் கீரை அவர் கையால் வந்தது என்பதும் சேரும்.

தண்ணீரே பெரிய சுமை

தோட்ட வேலையில் மண்ணை விடக் கனமானது தண்ணீர். கோடையில் ஓர் உறைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டியிருக்கும். நான்கு உறைக்கு 20 லிட்டர், அதாவது 20 கிலோ. இதைக் குடத்தில் தூக்கச் சொல்லும் திட்டம் ஒரு வாரத்தில் கைவிடப்படும். எனவே பாத்தி அமையும் முன்பே தண்ணீருக்கு வழி செய்துவிட வேண்டும். குழாயிலிருந்து ரப்பர் குழாய் நீட்டலாம். அல்லது பாத்தியை விட இரண்டு அடி உயரத்தில் ஒரு பீப்பாயை வைத்து, வீட்டார் காலையில் ஒருமுறை நிரப்பிவிட்டால், அடியில் உள்ள குழாயைத் திருகிச் சிறு குழாய்கள் வழியே விடலாம்.

மின்சாரமும் குழாயும் இல்லாத வீட்டுக்குப் பானை முறை உண்டு. பூச்சு இல்லாத மண்பானையை உறையின் நடுவே கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடி விட்டால், ஈரம் தானே கசிந்து வேருக்குப் போகும். அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் இதில் ஊற்றலாம். உறைப் பாத்தி தரைப் பாத்தியை விட விரைவில் காயும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிமெண்ட் வெயிலில் சூடாகும். மேற்கு வெயில் படும் பக்கத்தில் சாக்கு சுற்றி, மண்மேல் காய்ந்த இலைதழையைப் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் குறையும்.

கருவிகளும் கவனமும்

கருவிகளுக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. விரல் மடக்க முடியாதவருக்குக் களைக்கொத்தின் பிடி மீது பழைய சைக்கிள் ட்யூப்பைத் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தால் பிடி நழுவாது. குனியாமல் விதைக்க மூன்றடி நீள பிளாஸ்டிக் குழாய் போதும். ஒரு முனையைக் குழியில் ஊன்றி மறு முனையில் விதையைப் போட்டால் இடம் தவறாமல் விழும். ஒற்றைக் கையால் வேலை செய்பவருக்குத் தொட்டி நகராமல் இருப்பதே பெரிய உதவி. உறை அவ்வகையிலும் நல்லது.

கண்பார்வை இல்லாதவருக்குப் பின்வாசலிலிருந்து பாத்தி வரை ஒரு கயிறு கட்டி, ஒவ்வோர் உறைக்கும் நேரே ஒரு முடிச்சுப் போட வேண்டும். ஓர் உறையில் ஒரு பயிர் மட்டும் இருக்க வேண்டும். சரியான இடைவெளியில் துளையிட்ட பலகையைப் பாத்தி மேல் வைத்தால், துளையை விரலால் தடவி விதை ஊன்றலாம். புதினாவும் கொத்தமல்லியும் மணத்தாலேயே தம்மைக் காட்டிக் கொள்ளும்.

தொழுநோய் குணமாகியும் கையில் உணர்ச்சி திரும்பாதவர்களுக்கும், நீரிழிவினால் பாதம் மரத்தவர்களுக்கும் தனிக் கவனம் தேவை. விரல் தேய்வதற்குக் காரணம் நோய் அன்று, வலி தெரியாமல் ஏற்படும் காயமே என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு பணியாற்றியவர்களும் எடுத்துக் காட்டினர். ஆகவே சிராய் உள்ள பிடி, வெயிலில் காய்ந்த இரும்பு ஆகியவற்றைத் தொடக் கூடாது. கையுறையும் எம்.சி.ஆர். செருப்பும் அணிந்தே வேலை செய்ய வேண்டும். மாலையில் கைகால்களை வெளிச்சத்தில் பார்த்துக் காயம் உண்டா என்று சோதிப்பது, செடியில் புழு பார்ப்பதைப் போலவே அன்றாட வேலையாக வேண்டும்.

முதுகுத்தண்டு பாதித்தவர்களில் சிலருக்கு வியர்வை சரியாகச் சுரக்காது. உடல் வெப்பம் விரைவில் ஏறும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் வேலை செய்தல் நலம். ஒரே இடத்தில் நெடுநேரம் அமர்ந்தால் படுக்கைப் புண் வரும். எனவே அடிக்கடி கையூன்றி உடலைத் தூக்கி அமர வேண்டும். பூச்சிக்கொல்லி நஞ்சுகளை இத்தோட்டத்தில் சேர்க்கவே கூடாது. லிட்டருக்கு 30 மில்லி வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து கைத்தெளிப்பானால் தெளித்தாலே சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பெரிதும் கட்டுப்படுத்தலாம்.

இது நடக்கக் கூடியதா?

'முடியாதவரை ஏன் வேலை வாங்க வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். வேலை வாங்குவது வேறு, வேலைக்கு வழி விடுவது வேறு. தோட்டம் வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. வேண்டும் என்பவருக்கு இடம் இல்லாமல் செய்திருப்பதுதான் குறை.

ஆப்பிரிக்காவின் மலைநாடான லெசோத்தோவின் அனுபவம் இதற்குச் சான்று. 2000த்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கு வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவரை எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. வயலில் உழைக்க வேண்டிய வயதினர் படுத்துவிட, முதியோரும் சிறுவருமே வீட்டைச் சுமந்தனர். அப்போது அங்கே பரவியது 'சாவித்துவாரத் தோட்டம்'. சுமார் 2 மீட்டர் விட்டத்தில், கல்லடுக்கிய வட்டமான சுவர், உயரம் இடுப்பளவு. ஒரு பக்கத்திலிருந்து நடுப்பகுதி வரை ஆள் நுழைய ஒரு வெட்டு. நடுவில் ஒரு கூடை. சமையற்கட்டுக் கழிவும் நீரும் அதில் விழுந்து மக்கி, சுற்றிலும் உள்ள மண்ணுக்கு ஊட்டமாகும். நோயினால் மெலிந்தவரும் முதியவரும் குனியாமல், நின்ற இடத்திலிருந்தே கீரை பறிக்க வேண்டும் என்பதே அந்த உயரத்தின் நோக்கம். வசதி குறைந்த ஒரு சிறு நாட்டில், கிடைத்த கல்லைக் கொண்டு செய்ய முடிந்ததை, உறையும் தேங்காய் மட்டையும் மலிந்த தமிழ்நாட்டில் செய்ய முடியாது என்பதற்கில்லை.

துறைகள் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கான பொருள்களை மானிய விலையில் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் விரிவடைந்தது. நல்ல திட்டம். ஆனால் மாடி என்ற சொல்லிலேயே படிக்கட்டு இருக்கிறது. 10 அடி உயர மாடிக்குச் சாய்தளம் கட்ட 120 அடி நீளம் வேண்டும். எனவே மாடி ஏற முடியாதவருக்கு அதே பொருள்களைத் தரைத்தளத்தில், உரிய உயரத்தில் வைத்துக் கொள்ள வழி சொல்ல வேண்டும். உறைக்கும் தாங்கு மேசைக்கும் மானியத்தில் இடம் தர வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும் திட்டங்களிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உடையவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடும், அதில் பெண்களுக்கு முன்னுரிமையும் தர வேண்டும் என்கிறது. நிலம் கொடுத்துவிட்டு, அதில் வேலை செய்யும் முறையைக் கற்றுக் கொடுக்காவிட்டால் ஒதுக்கீடு காகிதத்தோடு நிற்கும். சக்கர நாற்காலி ஒரு துறையிலிருந்தும் விதை மற்றொரு துறையிலிருந்தும் வருகின்றன. இரண்டும் ஒரே வீட்டுக் கொல்லையில் சந்திக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ஆம் ஆண்டு புதுச்சேரியில் தோன்றியது. 'செய்து காட்டிக் கற்பித்தல்' என்பதே அந்நிலையங்களின் அடிப்படை. ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் உறை, ஈருறை, மூவுறைப் பாத்திகளை வரிசையாக வைத்துச் செய்து காட்டினால், வந்து பார்ப்பவர் தமக்கு எது பொருந்தும் என்று அமர்ந்தே தெரிந்து கொள்வார். அங்கே வருவதற்கு ஒரு சாய்தளமும் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்கு ஆள் சேர்க்கும்போது, வரப்பில் நிற்பவரோடு திண்ணையில் இருப்பவரையும் அழைக்க வேண்டும். அவர் கற்றுக் கொள்ள மட்டும் வரமாட்டார். சொல்லிக் கொடுக்கவும் அவரிடம் விஷயம் இருக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியது அதைவிட எளிது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் முன், ஆனி மாதத்திலேயே ஒரு நாள் ஒதுக்கித் திண்ணையில் இருப்பவரின் அருகில் அமர்ந்து, கை எவ்வளவு எட்டும் என்று அளந்து கொள்ள வேண்டும். என்ன பயிர் வேண்டும் என்று அவரையே கேட்க வேண்டும். உறையை உருட்டிக் கொணர்ந்து அவர் காட்டும் இடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, விதையை அவர் கையில் கொடுத்து விட வேண்டும். அதற்குப் பின் செய்ய வேண்டியது அவருக்குத் தெரியும்.